கள ஆய்வுத் தரவைப் பகிரும் முன்: பங்கேற்பாளரின் அடையாளத்தைக் காக்கும் வழிகள்

மனிதர்களிடம் கேட்டுத் திரட்டிய தரவை ஆய்வு முடிந்ததும் அலமாரியில் பூட்டி வைத்துவிடும் வழக்கம் மாறிவருகிறது. நிதி தரும் அமைப்புகளும் ஆய்விதழ்களும் அந்தத் தரவைப் பிற ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி தரச் சொல்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி 25 முதல், தரவை எவ்வாறு பேணிப் பகிரப் போகிறோம் என்ற திட்டத்தை நிதி விண்ணப்பத்துடனேயே கேட்கிறது. இது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு பெண் தன் கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்ன பதில்கள் ஒரே ஒரு கட்டுரையோடு முடிந்துபோகக் கூடாது. அதே வேளையில், அந்தப் பதில்களைச் சொன்னவர் அவர்தான் என்று அவருடைய மாமியாரோ முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ கண்டுபிடித்துவிட்டால், அதன் விலையை அவர் மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கள ஆய்வு நடத்தும் சிறு குழுக்களை, குறிப்பாக முதுநிலை மாணவர்களையும் சமூக மருத்துவத் துறையினரையும் தொண்டு நிறுவனங்களையும், மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

பெயரை நீக்கினால் போதாது

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டை நிர்வகிக்கும் ஆணையம், ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தது. அப்போது எம்ஐடியில் ஆய்வு மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டிலும் பொதுவாக இருந்த பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார். அந்நாளைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வசித்தவர் அவர் ஒருவரே. அவருடைய மருத்துவப் பதிவு எது என்பது அத்துடன் தெளிவாகிவிட்டது. இந்த மூன்று விவரங்களைக் கொண்டே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று ஸ்வீனி பின்னர் மதிப்பிட்டார். 2006இல் வெளிவந்த மறுமதிப்பீடு அதை 63 சதவீதமாகக் குறைத்தது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அது பெரும்பான்மையே.

நம் ஊரில் வாக்காளர் பட்டியலுக்குப் பணம்கூடத் தர வேண்டியதில்லை. வாக்குச்சாவடி வாரியாகப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது, பாலினம் ஆகியவை அடங்கிய பட்டியலைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து யாரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதற்கும் மேலாக, சிற்றூரில் ஒருவரைப் பற்றி ஊராருக்குத் தெரிந்திருக்கும் விவரங்களுக்கு எந்தப் பட்டியலும் ஈடாகாது. எடுத்துக்காட்டுக்காக நானே உருவாக்கிய ஒரு தரவு வரியைப் பாருங்கள்: பெண், பிறந்த தேதி 14.06.1981, 420 வீடுகள் கொண்ட ஊர், ஊர்ப் பெயருடன், அங்கன்வாடிப் பணியாளர், கணவரை இழந்தவர், எச்ஐவிக்கான ஏஆர்டி சிகிச்சை தொடங்கியது மார்ச் 2019. இதில் பெயர் இல்லை. ஆனால் அந்த ஊரில் அங்கன்வாடிப் பணியாளர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள் என்பதால், ஊர்ப் பெயரும் தொழிலும் பிறந்த தேதியும் சேர்ந்த மாத்திரத்தில் மற்ற விவரங்கள் எல்லாம் அவர் பெயரிலேயே எழுதியதற்குச் சமமாகிவிடுகின்றன. இந்த வரியை எப்படி மாற்றி எழுதுவது என்பதைக் கீழே காணலாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

ஒப்புதல் படிவத்திலேயே முடிவெடுங்கள்

பகிர்வைப் பற்றிய முடிவு ஆய்வின் கடைசியில் எடுக்கப்படுவதாக நினைக்கிறோம். உண்மையில் ஒப்புதல் படிவத்தை எழுதும் நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. நம் படிவங்களில் பெரும்பாலும் காணப்படும் வாக்கியம் இது: "உங்கள் தகவல்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும், ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்." இதை எழுதாதீர்கள். நெறிமுறைக் குழுவும் நிதி தந்த அமைப்பின் தணிக்கையாளரும் பதிவுகளைப் பார்க்கக்கூடும் என்பதால் இந்த வாக்குறுதி முதல் நாளிலேயே உண்மையல்லாததாகிவிடுகிறது. பிற்பாடு தரவை ஓர் ஆவணக் காப்பகத்தில் வைக்க விரும்பினாலும், கொடுத்த வாக்கை மீறாமல் அதைச் செய்ய முடியாது.

அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "உங்கள் பெயர், கைபேசி எண், முகவரி ஆகியவற்றை உங்கள் பதில்களிலிருந்து பிரித்துத் தனியாகப் பூட்டி வைப்போம். ஆய்வு சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவினர் தேவைப்பட்டால் பதிவுகளைப் பார்க்கலாம். உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியோ மாற்றியோ, மீதியுள்ள பதில்களை, எங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் பிற ஆய்வாளர்களுக்குத் தர விரும்புகிறோம். அப்படிச் செய்த பிறகும், உங்களை நன்கு அறிந்த ஒருவர் ஊகித்துவிடும் சிறு வாய்ப்பு உண்டு. இதற்குச் சம்மதமில்லை என்றாலும் நீங்கள் ஆய்வில் பங்கேற்கலாம்." இந்தப் பகிர்வுக்கான சம்மதத்துக்குத் தனியாக ஒரு 'ஆம் / இல்லை' கட்டம் வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் அடுக்கு ஒப்புதல் என்ற முறையை ஏற்கின்றன: இந்த ஆய்வுக்குச் சம்மதம், எதிர்கால ஆய்வுக்குச் சம்மதம், ரத்த மாதிரியைச் சேமிக்கச் சம்மதம் எனத் தனித்தனியே கேட்பது அது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நடுநிலைச் சாட்சி ஒருவரின் முன்னிலையில் படித்துக்காட்டி விளக்கிய பிறகே கைரேகை பெற வேண்டும். அந்தச் சாட்சி உங்கள் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

விலகும் உரிமையையும் நேர்மையாக எழுத வேண்டும். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலை (இணைப்புப் பட்டியலை) அழித்த பிறகு யாருடைய பதில் எது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது; பிறருக்குக் கொடுத்துவிட்ட கோப்பைத் திரும்பப் பெறுவதும் கடினம். ஆகவே எந்தத் தேதி வரை தம் தகவலை நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதைக் குறிப்பிட்டு, தொடர்புகொள்ள வேண்டிய எண்ணைக் கொடுங்கள்.

ஒப்புதலைத் தாண்டிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினரின் வழக்கு சான்று. கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் அவர்களிடம் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ரத்தம் பெற்றார்கள். அதே மாதிரிகள் பின்னர் மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், அந்த இனத்தாரின் மூதாதையர் இடம்பெயர்ந்த வரலாறு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. தங்கள் தோற்றம் குறித்த நம்பிக்கையையே மறுக்கும் ஆய்வுக்குத் தங்கள் ரத்தம் போய்ச் சேர்ந்ததை அறிந்து அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே எவருடைய பெயரும் வெளியில் கசியவில்லை என்று வைத்துக்கொண்டாலும் தீங்கு தீங்குதான். ஒரு சமூகம் முழுவதுமே அடையாளம் காணப்பட்டிருந்தது. சாதி, ஊர், பழங்குடி ஆகியவற்றின் பெயர்களை வெளியிடும் முன் நாம் யோசிக்க வேண்டிய காரணம் இது.

களத்தில் பிரித்து வையுங்கள்

ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் பொருளற்ற ஒரு குறியீட்டு எண்ணைத் தாருங்கள். பெயரின் முதலெழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்த எண், வரிசையாகச் சென்ற வீடுகளின் எண், ஆதார் எண், மருத்துவமனையின் புறநோயாளி எண் ஆகிய எதுவும் குறியீடாகக் கூடாது. குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒரே இடத்தில், பதில்கள் இருக்கும் கணினியிலிருந்து வேறான இடத்தில், மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, இருக்க வேண்டும். அதைத் திறக்கக்கூடியவர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். எக்செலில் தாளை மட்டும் பூட்டும் வசதி திருத்தத்தைத் தடுக்கவே உதவும், ரகசியத்தைக் காக்காது. கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும் முறையையோ, வெராகிரிப்ட் போன்ற மென்பொருளையோ பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லைக் கோப்புடன் ஒரே மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

கைபேசி எண்ணை 'ஹாஷ்' செய்து, அதாவது ஒரு கணித முறையால் வேறொரு எழுத்துச் சரமாக மாற்றி, குறியீடாக வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்களே உள்ளன. அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்கு எளிய வேலை. 2014இல் நியூயார்க் நகரின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணப் பதிவுகள் வெளியிடப்பட்டபோது, வண்டி எண்களை இதே முறையில் மறைத்திருந்தார்கள். வெகு சீக்கிரத்தில் அந்த மறைப்பு உடைக்கப்பட்டு, உண்மையான எண்கள் வெளிப்பட்டுவிட்டன. தற்போக்காக, அதாவது எந்த ஒழுங்கும் இன்றி, தேர்ந்தெடுத்த எண்ணே நல்ல குறியீடு.

களப் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழு தனிக் கவனம் பெற வேண்டியது. கையெழுத்தான ஒப்புதல் படிவத்தைப் படமெடுத்து "இன்றைய வேலை முடிந்தது" என்று குழுவில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் படம் குழுவில் உள்ள எல்லோருடைய கைபேசியிலும் இறங்கி, அங்கிருந்து அவரவர் மேகச் சேமிப்புக்கும் போய்விடும். அதன் பிறகு எவராலும் அதை முழுமையாக அழிக்க முடியாது. பணியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை முடிந்ததைக் காட்ட வேறு வழி தரப்படாததால்தான் அவர்கள் படம் அனுப்புகிறார்கள். குறியீட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்று விதி செய்து, பயிற்சியின் முதல் நாளிலேயே அதைச் சொல்லுங்கள். பதில்களைத் திரட்ட ரெட்கேப், கோபோ டூல்பாக்ஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்தினால், பதில்கள் அனுப்பப்பட்ட பிறகு டேப்லெட்டில் நகல் தங்குகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

தரவை எவ்வாறு மாற்றி எழுதுவது

முதலில், பெயர், கைபேசி, முகவரி, ஆதார், ரேஷன் அட்டை எண், வங்கிக் கணக்கு, புகைப்படம், குரல் பதிவு ஆகிய நேரடி அடையாளங்களை நீக்குங்கள். இது எளிய பகுதி. கடினமான பகுதி, தனியே பார்த்தால் சாதுவாகவும் சேர்த்துப் பார்த்தால் ஆளைக் காட்டிக்கொடுப்பனவாகவும் உள்ள விவரங்களைக் கையாள்வது.

மேலே சொன்ன அங்கன்வாடிப் பணியாளரின் வரியையே எடுத்துக்கொள்வோம். பிறந்த தேதியை ஐந்தாண்டு வயதுப் பிரிவாக்கினால், ஆய்வு நடந்த 2023இல் அவர் '40 முதல் 44' ஆகிறார். ஊர்ப் பெயர் போய் மாவட்டமும் 'கிராமப்புறம்' என்ற சொல்லும் மட்டும் நிற்கும். தொழில், 'அரசு மற்றும் அரசு சார்ந்த பணி' என்ற பரந்த பிரிவுக்குள் சேரும். 'கணவரை இழந்தவர்' என்பதை, உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அவசியமில்லை என்றால், 'தற்போது துணையின்றி வாழ்பவர்' என்ற பிரிவில் சேர்க்கலாம். சிகிச்சை தொடங்கிய மாதத்தை நீக்கி, ஆய்வில் சேர்ந்தபோது சிகிச்சை எத்தனை ஆண்டாக நடந்துவந்தது என்று எழுதலாம். இத்தனைக்குப் பிறகும் இந்தத் தரவு ஆய்வுக்குப் பயன்படும். ஆள் மட்டும் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்.

பல தேதிகள் ஒருவருக்கு இருந்தால், அவருக்கென்று தற்போக்காக ஒரு நாள் எண்ணைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் தேதிகளையும் அதே அளவு முன்னோ பின்னோ நகர்த்துங்கள்; மருத்துவமனையில் சேர்ந்ததற்கும் வீடு திரும்பியதற்கும் இடைப்பட்ட நாட்கள் மாறாமல் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் டெங்குவுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுக்கு இது பொருந்தாது. அங்கே வாரத்தை வைத்துக்கொண்டு இடத்தை இன்னும் மங்கலாக்குவதே சரி. எதைக் காப்பது, எதை விடுவது என்பதை ஆய்வுக் கேள்வியிடமே கேட்க வேண்டும். முதியவர்களின் வயதில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பாவின் விதி 89க்கு மேற்பட்ட வயதுகள் அனைத்தையும் '90 மற்றும் அதற்கு மேல்' என்று ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறது. நம் சிற்றூர்களுக்கு 80இலேயே சேர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இடக் குறிப்புகளுக்குத் தேசியக் குடும்ப நல ஆய்வின் முறை நல்ல முன்மாதிரி. 2015-16, 2019-21 சுற்றுகளின் தரவில் தனி வீடுகளின் இருப்பிடம் தரப்படுவதில்லை. மாதிரிக் கொத்தின், அதாவது ஆய்வுக்காக ஒரே பகுதியில் தேர்ந்தெடுத்த வீடுகளின் தொகுப்பின், மையப் புள்ளி மட்டுமே தரப்படுகிறது, அதுவும் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டு. நகர்ப்புறக் கொத்துகள் 2 கிலோமீட்டர் வரையிலும், கிராமப்புறக் கொத்துகள் 5 கிலோமீட்டர் வரையிலும், அவற்றில் ஒரு சதவீதம் மட்டும் 10 கிலோமீட்டர் வரையிலும் தற்போக்கான திசையில் நகர்த்தப்படுகின்றன. எந்தக் கொத்து எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பயனருக்குச் சொல்வதில்லை.

மாற்றிய பிறகு எண்ணிப் பாருங்கள். வயதுப் பிரிவு, பாலினம், மாவட்டம், தொழில் ஆகியவை ஒன்றுபோல் உள்ளவர்களைத் தொகுத்தால், ஒவ்வொரு தொகுப்பிலும் குறைந்தது ஐந்து பேராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் பிரிவுகளை மேலும் அகலமாக்குங்கள். ஆர் என்ற நிரல் மொழியில் இயங்கும் எஸ்டிசிமைக்ரோ, தனி மென்பொருளான ஏஆர்எக்ஸ் ஆகிய இலவசக் கருவிகள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும். எண்ணிக்கை மட்டும் போதுமானதல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு தொகுப்பில் ஐந்து பேர் இருந்து, ஐவருக்குமே காசநோய் என்றால், அவர்களில் எவர் எந்த வரி என்று தெரியாமலே அனைவரின் நோயும் வெளிப்பட்டுவிடும். கட்டுரையின் அட்டவணைகளிலும் இதே ஆபத்து உண்டு: ஓர் அட்டவணையில் மொத்தம் 37 என்றும் மற்றொன்றில் ஆண்கள் 36 என்றும் இருந்தால், மீதமுள்ள ஒரே பெண்ணைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது.

நேர்காணல் எழுத்துப்படிகளுக்குக் கருவிகளை மட்டும் நம்ப முடியாது. வரி வரியாகப் படிக்கத்தான் வேண்டும். "எங்க ஊரு தேர் அன்னைக்குத்தான் என் வீட்டுக்காரர் போனார்" என்ற ஒரு வாக்கியம் ஊரையும் நாளையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. அதைக் கறுப்பு மை பூசி அழிப்பதைவிட, '[கோயில் திருவிழா நாள்]' என்று பொதுச் சொல்லால் மாற்றினால் பொருள் கெடாமல் இருக்கும். ஊராட்சித் தலைவர், தலைமை ஆசிரியை போல ஊருக்கு ஒருவரே வகிக்கும் பொறுப்புகளையும், ஒரே சாதிக்குள் மட்டும் வழங்கும் உறவுப் பெயர்களையும் விடாமல் பாருங்கள்.

கோப்புக்குள்ளே தங்கிவிடுபவையும் உண்டு. கைபேசிப் படங்களில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள், எக்செலில் மறைத்து வைத்த நெடுவரிசைகள், வேர்டு கோப்பில் பழைய திருத்தங்கள், ஸ்கேன் படங்களின் தலைப்பில் நோயாளியின் பெயர் ஆகியவை சாதாரணமாகக் காணப்படுபவை. தலையின் எம்ஆர்ஐ படத்திலிருந்து முகத்தையே மீட்டெடுக்க முடியும்: 2019இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், முகம் அறியும் மென்பொருள் 84 தன்னார்வலர்களில் 83 சதவீதம் பேரைச் சரியாகப் பொருத்தியது. மூளைப் படங்களைப் பகிர்வதற்கு முன் முகப்பகுதியை நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது இதனால்தான்.

யாருக்கு, எந்த வழியில் தருவது

எல்லாத் தரவையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தடுப்பூசி பற்றிய பொதுவான கருத்துக் கணிப்பு போன்றவற்றை, மேற்சொன்ன மாற்றங்களுக்குப் பிறகு, திறந்த காப்பகத்தில் வைக்கலாம். எச்ஐவி, மனநலம், குடும்ப வன்முறை, சாதிக் கொடுமை, மரபணு ஆகியவை தொடர்பான தரவை, விண்ணப்பித்து ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே தர வேண்டும். எச்ஐவியைப் பொறுத்தவரை இது வெறும் அறிவுரை இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய எச்ஐவி நிலையை அவருடைய சம்மதமின்றி வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. மரபணுத் தரவு இதைவிடவும் சிக்கலானது. அதில் நீக்குவதற்கு ஒரு பெயர் இல்லை, தரவே ஆளின் அடையாளம். அவருடைய உடன்பிறந்தாரின், பிள்ளைகளின் அடையாளமும் அதில் கலந்திருக்கிறது. பலருடைய மரபணு விவரங்களைக் கலந்து சராசரியாகத் தந்தால் பாதுகாப்பு என்று கருதியிருந்த காலத்தில், ஒருவர் அந்தக் கலவையில் இருக்கிறாரா என்பதைக் கண்டறிய முடியும் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது; அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தொகுப்புகளை உடனே பொது அணுக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 மரபணுத் தொகுதிகள் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, விதிமுறைகளுக்கு உட்பட்டே ஆய்வாளர்களுக்குத் தரப்படுகின்றன.

தரவை அனுப்பாமலேயே பகிரவும் முடியும். சுமார் 5 லட்சம் பேரின் உடல்நல விவரங்களைக் கொண்ட பிரிட்டனின் யுகே பயோபேங்க், ஆய்வாளர்களைத் தன் கணினித் தளத்துக்குள் வந்து கணக்கிடச் சொல்லும் முறைக்கு மாறியுள்ளது. சிறு குழுக்களும் இதன் எளிய வடிவத்தைக் கையாளலாம்: கேட்பவர் தம் நிரலை அனுப்ப, நீங்கள் உங்கள் கணினியில் அதை ஓட்டி, முடிவு அட்டவணையைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவது.

கோப்பையே கொடுப்பதென்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். எந்த ஆய்வுக்காக, யார் யார் பார்க்கலாம், எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்பவற்றுடன், பங்கேற்பாளர்களை அடையாளம் காண முயலக் கூடாது, வேறு தரவுத் தொகுப்புடன் இணைக்கக் கூடாது, மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது, கசிவு நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் ஆகியவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். அழித்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் குழுவுடன் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வு என்றால், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் தேவையா என்பதை ஆரம்பத்திலேயே உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரப் பணிக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்தத் தரவைக் கொண்டு எந்தத் தனிநபரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது, வகுக்கப்பட்ட தர நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளுடன்தான். ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுப்பில் கிடைத்த பதில்களை வைத்தே யாருக்கு உதவித்தொகை தருவது என்று தீர்மானித்தால், அந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. தரவுக்கு உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது.

கசிந்துவிட்டால்

டேப்லெட் பேருந்தில் தொலைந்தாலும், இணைப்புப் பட்டியல் தவறான மின்னஞ்சலுக்குப் போனாலும், அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் எழும். களப் பணியாளர் அதற்காக வேலையை இழக்க நேரும் என்றால் அவர் சொல்லவே மாட்டார். அன்றைக்கே சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்பதை முன்கூட்டியே அறிவித்து வையுங்கள். செய்தி வந்ததும் அந்தக் கணக்கின் கடவுச்சொற்களை மாற்றி, அணுக்கத்தை முடக்கி, எந்தக் கோப்பு, எத்தனை பேருடையது, மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததா என்பதை எழுதி வைத்துக்கொண்டு, நெறிமுறைக் குழுவுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பங்கேற்பாளரிடம் சொல்லும்போதும் கவனம் தேவை. "எச்ஐவி ஆய்வில் உங்கள் தகவல் கசிந்துவிட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பினால், வீட்டில் யார் கைபேசியை எடுத்துப் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தச் செய்தியே இரண்டாவது கசிவாகிவிடும். தொடர்புகொள்ளப் பாதுகாப்பான வழி எது, எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒப்புதல் பெறும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டு, இணைப்புப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள்.